ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது: ஹைவேயில் நாள் முழுக்க ஓடும் இன்ஜினை ஃபெர்டினாண்ட் போர்ஷே தேர்ந்தெடுத்தது எப்படி?

சென்னை ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டில் கார் பம்பர், ஹெட்லைட், சீட் கவர் எதுவும் கிடைக்கும். பழைய கார் பைத்தியம் பிடித்தவர்களின் கனவு அங்கே நிற்காது. அவர்களுக்கு வேண்டியது 1954-ல் வந்த போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர். அசல் கார் இன்றைக்குக் கோடிகளில் விலை போகிறது. அதனால் வெளிநாடுகளில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிச்சட்டத்தில் ஃபைபர் கிளாஸ் பாடியைப் பொருத்தி, அதே போல இன்னொரு காரைச் செய்துகொள்கிறார்கள். இதுதான் ரெப்ளிகா.

பீட்டில் மேல் போர்ஷே பாடியா? அது எப்படிப் பொருந்தும்? ரெண்டுக்கும் மூலம் ஒரே ஆள் என்பதால்தான்.

யார் இந்த போர்ஷே?

1875 செப்டம்பர் 3-ல், இன்றைய செக் குடியரசில் உள்ள மாஃபர்ஸ்டார்ஃப் ஊரில் பிறந்தார். அப்பா தகர வேலை செய்யும் பட்டறைக்காரர். மகன் பொறியியல் பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர் பெயரை வெளியே கொண்டுவந்தது பெட்ரோல் கார்கூட இல்லை, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த எலெக்ட்ரிக் கார்! பிறகு ஆஸ்ட்ரோ-டைம்லர், டைம்லர் என்று பெரிய கம்பெனிகளில் வேலை. 1931-ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்தமாக டிசைன் அலுவலகம் திறந்தார்.

சாதாரண மக்களுக்கு ஒரு சின்ன கார் என்பது அவருடைய பல நாள் ஆசை. முதலில் வந்த வாடிக்கையாளரான சுண்டாப், தண்ணீரால் குளிரும் இன்ஜின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அடுத்து வந்த என்.எஸ்.யூ கம்பெனிக்கு, பின்பக்கம் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின் வைத்துச் செய்து கொடுத்தார். ரெண்டு கம்பெனிகளும் பாதியில் விலகின. 1934-ல் ஹிட்லர் அரசு அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தது. விலை 990 மார்க், ஆட்டோபான் நெடுஞ்சாலையில் நிற்காமல் 100 கி.மீ வேகம். இதுதான் நிபந்தனை.

ஏன் காற்று?

ஜெர்மனிக் குளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிடும். இந்தக் காரை வாங்கப் போகிறவர்களுக்கு ஷெட் கிடையாது, வண்டி தெருவில்தான் நிற்கும். தண்ணீரே இல்லை என்றால் ரேடியேட்டர், பம்ப், ஹோஸ் எதுவும் வேண்டாம். எடையும் குறையும், செலவும் குறையும்.

நமக்கு இது புதுசு இல்லை. திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் இன்ஜினைச் சுற்றி இருக்கும் மெல்லிய தகடுகள் காற்றில் குளிர்வதற்காகத்தான். ஆனால் புல்லட்டுக்கு எதிர்க்காற்று நேராகப் படும், பின்பக்கம் மூடிக்கிடக்கும் கார் இன்ஜினுக்குப் படாது. அதனால் பீட்டிலில் ஒரு ஃபேன் உண்டு. அதைப் பெல்ட் வழியாகச் சுற்றுவது இன்ஜின்தான். அந்தக் காற்று சிலிண்டர்களை மட்டுமல்ல, ஆயிலையும் குளிர்விக்கிறது. போர்ஷே அலுவலகம் வேறு மலிவான இன்ஜின்களையும் முயன்று பார்த்துக் கைவிட்ட பிறகு, இந்த இன்ஜினை வரைந்தவர் ஃபிரான்ஸ் ரைம்ஸ்பீஸ். செக் நாட்டு டாட்ரா கார்களை வடிவமைத்த ஹான்ஸ் லெட்விங்காவுக்கும் இதில் பங்கு உண்டு. டாட்ரா தரப்பின் வழக்குக்காக ஃபோக்ஸ்வேகன் 1960-களில் பணம் கொடுத்து முடித்தது.

உண்மையான சாமர்த்தியம் கியரில்!

போருக்கு முந்தைய 985 சிசி இன்ஜினின் முழு சக்தியே சுமார் 24 குதிரைத்திறன்தான், அதுவும் 3,000 ஆர்பிஎம்மில். டாப் கியர் விகிதம் 0.80. அதாவது இன்ஜின் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றினாலே கியர்பாக்ஸ் ஒரு முழுச் சுற்றைக் கொடுத்துவிடும். கணக்குப் போட்டால் 100 கி.மீ வேகத்திலும் இன்ஜின் அதே 3,000 பக்கம்தான் நிற்கும். சமதளத்தில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்தாலும் அதற்கு மேல் பெரிதாகப் போகாது. கார் எட்டும் அதிகபட்ச வேகமே நாள் முழுக்க ஓட்டும் வேகமும்கூட. இன்ஜினைக் கெடுக்கணும் என்று நினைத்தாலும் சுலபமில்லை.

இன்றைய ரெப்ளிகாக்காரர்கள் தடுமாறுவதும் இங்கேதான். 1960-களின் பீட்டில் கியர்பாக்ஸில் டாப் கியர் 0.89, கிரவுன்-பினியன் 4.375. இதில் 120 கி.மீ போனால் இன்ஜின் சுமார் 3,900 ஆர்பிஎம்மில் கத்தும். கிரவுன்-பினியனை 3.88-க்கு மாற்றினால் அது சுமார் 3,450-க்கு இறங்கும். அப்படின்னா மாற்றிவிட வேண்டியதுதானே?

அவ்வளவு சுலபம் இல்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். சின்ன இன்ஜினில் நீளமான கியரைப் போட்டு மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சூடு ஏறும், காற்று குறையும். அதனால் இன்ஜினையும் கியரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 1600 சிசி வைத்து 100-க்குள் ஓட்டுபவருக்குப் பழைய விகிதமே போதும். 1776, 1915 சிசி என்று பெரிதாக்கியவர்தான் 3.88 பக்கம் போகலாம். நம்ம ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம்.

இங்கே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காசு போடுவதற்கு முன் ஆர்டிஓவில் கேட்டுக்கொள்வது நல்லது.

மறைக்க முடியாத பக்கம்

போர்ஷே 1937-ல் நாஜி கட்சியில் சேர்ந்தார். மாதாமாதம் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி இந்தக் காருக்குப் பணம் சேர்த்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். போர் முடியும் வரை அவர்களில் ஒருவர் கைக்கும் கார் போகவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டிகளுக்குத் திரும்பியது. போர்க்காலத்தில் அங்கே சுமார் 20,000 பேர் கட்டாய வேலையில் வதைபட்டார்கள், வதை முகாம் கைதிகளும் அதில் அடக்கம். நிர்வாகத்தில் போர்ஷேயும் அவர் மருமகன் அன்டோன் பியெச்சும் இருந்தார்கள். பல கார் ரசிகர் பக்கங்களில் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். இன்ஜினைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1945 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். 1947 ஆகஸ்ட்டில் ஜாமீனில் வெளியே வந்தார். அவர் உள்ளே இருந்தபோதே மகன் ஃபெர்ரி ஆஸ்திரியாவின் க்முண்ட் ஊரில் சொந்தக் காருக்கான வேலையைத் தொடங்கிவிட்டார். பீட்டில் இன்ஜின், பீட்டில் பாகங்கள், மேலே அலுமினிய உடல். 1948-ல் வந்த அந்த 356-தான் இன்றைய ரெப்ளிகாக்களின் மூதாதை.

போர்ஷே 1951 ஜனவரி 30-ல் ஸ்டுட்கார்ட்டில், 75 வயதில் இறந்தார். அவருடைய பீட்டிலின் கடைசி வண்டி மெக்சிகோவில் 2003 ஜூலை 30-ல் வெளியே வந்தது. அதையும் சேர்த்து மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். அந்தக் கடைசி வண்டியிலும் பின்பக்கம் காற்றால் குளிரும் இன்ஜின்தான்.