நேச நாயனார் நெய்த கோவணம்

திருத்தொண்டர் அறுபத்து மூவருள் நேச நாயனார் சாலியர் குலத்திற் பிறந்தவர். அவரது ஊர் காம்பீலி. கருநாடகத்தில் துங்கபத்திரைக் கரையிலுள்ள கம்பிலியே அது என்று அறிஞர் பலர் கொள்வர். சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றைச் சில திருவிருத்தங்களிலேயே முடித்துவிட்டார். இறைவன் மாற்றுருவில் வந்து சோதித்ததாகவோ, அற்புதம் ஒன்று நிகழ்ந்ததாகவோ அதில் இல்லை. சிந்தையைச் சிவபெருமான் திருவடியில் வைத்து, நாவினால் திருவைந்தெழுத்தை ஓதி, கையினால் உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு வழங்கினார் என்பதே வரலாறு. கீளாவது அரையிற் கட்டும் துணிப்பட்டிகை.

இவ்வளவுதானா என்று கடந்து போவோர் நெசவின் அருமையை அறியாதவர் ஆவர்.

கோவணம் சிறு துணியே. ஆயினும் செடியிற் கொய்த பருத்தி கோவணமாவதற்குள் எத்தனை கைகள் உழைக்க வேண்டும்! பருத்தியை வெயிலில் உலர்த்திக் கொட்டை நீக்குவர். பஞ்சை வில்லின் நாணால் அடித்துத் தூசு போக்கித் திரியாகத் திரட்டுவர். திரியினின்று கதிரைச் சுழற்றி நூல் இழுப்பர். முறுக்குக் குறைந்தால் நூல் அறும், மிகுந்தால் சுருண்டுகொள்ளும். பண்டைத் தமிழகத்தில் துணையற்ற மகளிர் இவ்வாறு நூற்று வாழ்ந்தமையைச் சங்க நூல்கள் காட்டுகின்றன.

நெய்வார் தொழில் அதன் பின்னரே தொடங்கும். நீளவாட்டில் அமையும் பாவினை ஓட்டி, தெருவில் நீளக் கட்டி, கஞ்சியிட்டு, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி உலர்த்துவர். கஞ்சி பெறாத பாவு தறியின் உராய்வைத் தாங்காது. பின்னர் இழைகளை ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும். மிதியை அழுத்தினால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும். நடுவே நாடா ஊடிழையைக் கொண்டு செல்லும். அச்சு அதனை நெருக்கி அடிக்கும். கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் அமைப்பு 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்டது. அதற்கு முன்னெல்லாம் ஒவ்வோர் ஊடிழையையும் கையாலேயே செலுத்த வேண்டும். ஓரிழை அறுந்தாலும் நிறுத்தி முடிந்த பின்னரே மேலே நெய்யலாம்.

மனம் சற்றே பிறழ்ந்தால் துணி பழுதாகும் தொழில் இது. நேசரோ மனத்தை முழுதும் இறைவனுக்கு ஒப்புவித்தவர். அவ்வாறாயின் கை தடுமாறாதோ? தடுமாறவில்லை. அவர் நெய்தது குற்றமற்ற கோவணம் என்றே சேக்கிழார் தெளிவாகக் கூறியருளினார். தறியின் ஓசையோடு ஓசையாக அஞ்செழுத்தும் ஓடியிருக்கும் போலும்.

அமர்நீதி நாயனாரும் அடியார்க்குக் கோவணம் அளித்தவரே. ஆனால் அவர் பழையாறையில் செல்வம் மிக்க வணிகர். கொடுத்த கோவணத்துக்காக அவர் தராசில் ஏற நேர்ந்ததை யாவரும் அறிவர். நேசர் முன் எவரும் தராசு நாட்டவில்லை. விற்றால் விலை தரும் துணியைத் தம் கையால் நெய்து, அடியார் வேண்டியவாறே நாடோறும் ஈந்து, அத்தொண்டிலேயே நின்று இறைவன் திருவடி சேர்ந்தார். அவரது குருபூசை பங்குனித் திங்கள் உரோகிணி நாளில் நிகழ்கின்றது.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் இவருக்கு வைத்த இடம் நோக்கத்தக்கது. இவருக்கு முன்னே பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியார். பின்னே, சிவாலயங்கள் பல எடுப்பித்த கோச்செங்கட் சோழர். அரசிக்கும் அரசருக்கும் நடுவே இந்நெசவாளர் நிற்கின்றார்.