ஜார்ஜ் லாம்ப்டன்

ஜார்ஜ் லாம்ப்டன் (1860 – 1945) இங்கிலாந்தைச் சேர்ந்த குதிரைப் பந்தயப் பயிற்றுநர் ஆவார். எப்சம் டெர்பியில் இரு முறை வென்ற குதிரைகளைப் பயிற்றுவித்தவர். பந்தயக் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுப்பது பிரித்தானியாவில் தடை செய்யப்படுவதற்கு முக்கியக் காரணமாக இருந்தவராகவும் அறியப்படுகிறார்.

இளமை

லாம்ப்டன் இரண்டாம் டர்ஹாம் பிரபுவின் ஐந்தாவது மகனாகப் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் பயின்றார். தொழில்முறை சாராத குதிரையோட்டியாகத் தடை தாண்டும் பந்தயங்களில் புகழ்பெற்று, 1888இல் பாரிசின் பெரும் தடை தாண்டும் பந்தயத்தை வென்றார். பந்தயத்தில் விழுந்து காயமுற்றதால் பயிற்றுநர் தொழிலுக்கு மாறினார். 1893 முதல் நியூமார்க்கெட் நகரில் டெர்பி பிரபுவின் குதிரைகளைப் பயிற்றுவித்தார்.

ஊக்கமருந்துச் சிக்கல்

இங்கிலாந்தில் அதற்கு முன்னர் மக்கள் அஞ்சியது குதிரையை ஓடவிடாமல் செய்யும் நஞ்சையே. நியூமார்க்கெட்டில் குதிரைகளின் குடிநீரில் ஆர்செனிக் கலந்த டேனியல் டாசன் 1812இல் தூக்கிலிடப்பட்டார். குதிரையை வேகமாக ஓடச் செய்யும் மருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்றுநர்களுடன் அங்கு வந்தது. கொக்கெய்ன் போன்ற மருந்துகளைத் தடுக்கும் விதி எதுவும் அப்போது பிரித்தானியாவில் இல்லை.

அவர்களுள் ஒருவரான ஈனாக் விஷார்டின் பயிற்சியில், குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட ராயல் பிளஷ் என்னும் வயதான குதிரை 1900இல் இரு பெரும் பந்தயங்களை வென்றது. லாம்ப்டன் விஷார்டின் பயிற்சித் திறமையை மதித்தார். எடை குறைந்த லாடம் போன்ற அமெரிக்க முறைகளையும் வரவேற்றார். மருந்தை மட்டும் எதிர்த்தார். வியர்வை வழிய, கண்கள் பிதுங்க நின்ற குதிரைகளை அவர் நேரில் கண்டிருந்தார். மருந்தினால் வென்ற குதிரையை நல்ல குதிரையென நம்பி இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தினால் குதிரை வளர்ப்பே சீரழியும் என்றும் அவர் கருதினார்.

சோதனையும் தடையும்

பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப்பின் உறுப்பினர்கள் மருந்தின் ஆற்றலை நம்பவில்லை. எனவே லாம்ப்டன் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் மருந்து பெற்றார். தம் திட்டத்தைக் கிளப்பில் செல்வாக்குப் பெற்றிருந்த தம் அண்ணன் டர்ஹாம் பிரபுவிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அவ்வாண்டில் சிறப்பாக ஓடாத ஐந்து குதிரைகளுக்குக் கொடுத்தார். நான்கு குதிரைகள் வென்றன. ஒன்று இரண்டாவதாக வந்தது. 1903இல் ஜாக்கி கிளப் ஊக்கமருந்தைத் தடை செய்தது.

ஆயினும் மருந்தைக் கண்டறியும் வேதியியல் முறை அப்போது இல்லை. 1910இல்தான் வியன்னாவில் குதிரையின் உமிழ்நீரைச் சோதிக்கும் முறை பயன்படுத்தப்பட்டது. மேலும், ஒரு நாட்டின் விதி அந்நாட்டுப் பந்தயத் திடல்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. குதிரைகளும் பயிற்றுநர்களும் நாடு விட்டு நாடு சென்றனர். பின்னாளில் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் குதிரைப் பந்தயக் கூட்டமைப்பு, தன் உடன்பாட்டின் 6ஆம் பிரிவில் தடை செய்யப்பட்ட பொருட்களுக்கான பொது நெறிகளை வகுத்தது. இவ்வுடன்பாடு தானாகச் சட்டமாவதில்லை. ஒவ்வொரு நாட்டின் பந்தய அமைப்பும் அதை ஏற்க வேண்டும்.

பிற்காலம்

1922இல் கராச்சியில் பிறந்தவரான மூன்றாம் ஆகா கானுக்காக மும்தாஜ் மகால் என்ற பெண் குதிரைக்குட்டியை 9,100 கினிக்கு வாங்கியவர் லாம்ப்டனே. அது அக்காலத்தின் அதிவேகக் குதிரைகளுள் ஒன்றாகப் பெயர்பெற்றது. 1924இல் இவர் பயிற்றுவித்த சான்சோவினோ எப்சம் டெர்பியை வென்றது. டெர்பி பிரபுக்கள் தம் பெயர் தாங்கிய அப்பந்தயத்தை 1787க்குப் பின் வென்றது அப்போதுதான். அதே ஆண்டு லாம்ப்டனின் நினைவுக் குறிப்புகள் நூலாக வெளியாயின. ஊக்கமருந்துச் சோதனையை அவர் அதில் விவரித்துள்ளார்.

1933இல் உருவத்தில் சிறிய ஹைப்பீரியன் டெர்பி, செயின்ட் லெகர் ஆகிய இரு பந்தயங்களிலும் வென்றது. எனினும் அவ்வாண்டின் இறுதியில் டெர்பி பிரபு லாம்ப்டனைப் பணியிலிருந்து விடுவித்தார். அதன் பின்னர் லாம்ப்டன் தனித்துத் தொழில் நடத்தி, 1945இல் காலமானார்.