தம் விதியின் எல்லையைத் தாமே கண்டவர்

தாம் கண்ட உண்மையை உலகம் ஏற்றபின், அவ்வுண்மை செல்லாத இடமும் உண்டு என்று தாமே எடுத்துக்காட்டும் நெஞ்சுரம் எல்லா அறிஞர்க்கும் வாய்ப்பதன்று. அது வாய்க்கப்பெற்றவர் ஸ்கொத்லாந்து தேசத்து இரசாயன அறிஞர் தோமஸ் கிரகாம்.

அவர் 1805ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். செல்வரான தந்தையார் மைந்தரைத் திருச்சபைக் குருவாக்க விரும்பினார். மைந்தரின் உள்ளமோ இரசாயனத்திலே தோய்ந்தது. தந்தையாரின் பொருளுதவி நின்றது. கிரகாம் மாணவர்க்குப் பாடஞ் சொல்லியும் எழுதியும் வாழ்க்கை நடத்தினார். 1830இல் கிளாஸ்கோவின் அண்டர்சன் கல்லூரியிலும், 1837இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பேராசிரியரானார். 1841இல் தோன்றிய இலண்டன் இரசாயனச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

அவர்க்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது வாயுக்களின் பரவலாகும். கண்ணாடிக் குழாயொன்றின் ஒரு முனையைப் பாரிசுச் சாந்தால் அடைத்து, உள்ளே ஐதரசனை நிரப்பி, மறுமுனையை நீரில் நிறுத்தினார். சாந்தின் நுண்டுளைகளூடே ஐதரசன் விரைந்து வெளியேறியது. காற்று அத்துணை விரைவாக உட்புகவில்லை. ஆகவே குழாயில் நீர் உயர்ந்தது. இத்தகைய சோதனைகளிலிருந்து, பரவும் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதமுடையது என்னும் விதியைக் கண்டு, 1833இல் வெளியிட்டார். ஒட்சிசன் ஐதரசனிலும் 16 மடங்கு அடர்த்தியுடையது. எனவே ஐதரசன் அதனினும் 4 மடங்கு வேகமாகப் பரவும்.

1855இல், முன்னர் நியூற்றன் வகித்த நாணயசாலைத் தலைவர் பதவி கிரகாமை அடைந்தது. பதவியின் சுமையிலும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. அறுபது வயதளவில் இறப்பர்ச் சவ்வை எடுத்துக்கொண்டார். 1866இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. நைதரசன் இறப்பரை ஊடுருவும் வேகத்தை 1 எனக் கொண்டால், ஒட்சிசன் ஏறக்குறைய 2½ மடங்கும், ஐதரசன் 5½ மடங்கும், காபனீரொட்சைட்டு 13½ மடங்கும் வேகமாகச் சென்றன. நான்கினுள்ளும் அடர்த்தி மிக்க வாயுவே முந்தியது! அவருடைய விதிப்படி அது பின்தங்கியிருத்தல் வேண்டும்.

கிரகாம் தம் விதியைக் காக்கும் பொருட்டு இம்முடிவை ஒதுக்கவில்லை. சாந்தில் உள்ளவை போன்ற துளைகள் இறப்பரில் இல்லை. வாயு முதலில் இறப்பரிற் கரைகிறது, அதனூடே நகர்கிறது, மறுபுறத்தில் ஆவியாய் வெளிப்படுகிறது என்று விளக்கினார். ஆதலால், இங்கே அடர்த்தியை மட்டும் கொண்டு வேகத்தைக் கணிக்க இயலாது. எவ்வாயு மிகுதியாகக் கரையும் என்பதையும் நோக்குதல் வேண்டும். இறப்பரினூடாகக் காற்றை வெற்றிடத்துள் இழுத்தபோது, நூற்றுக்கு 21 பங்காயிருந்த ஒட்சிசன் ஏறக்குறைய 41 பங்காயிற்று.

1869இல் அவர் இலண்டனிற் காலமானார். அவர் கண்ட இரு வழிகளும் பின்னர் பயன் தந்தன. நுண்டுளைவழிப் பரவலைக்கொண்டு 1940களில் அமெரிக்காவில் யுரேனியத்தின் சமதானிகளைப் பிரித்தனர். சவ்விற் கரைந்து ஊடுருவும் முறையால் இன்று காற்றிலிருந்து நைதரசனைப் பிரிக்கின்றனர். கரைசல்களைச் சவ்வினாற் பிரிக்க 1861இல் அவர் வகுத்த முறையே, சிறுநீரக நோயாளரின் இரத்தத்தைத் தூய்மையாக்கும் சிகிச்சைக்கு மூலமாயிற்று.

அவருடைய விதியை மனனஞ் செய்யும் மாணவர், அவ்விதி இறப்பரிற் செல்லாமையைக் கண்டுரைத்தவரும் அவரே என்பதையும் உடன் கற்பாராயின், அறிவியலின் அறத்தையும் கற்றவராவர்.