கை கற்றதும் நா கற்றதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் மாயவித்தை காட்டியோர் பலர், நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் அணிந்து மேடையேறினர். அவர்களுடைய மேசைகளில் தரையைத் தொடும் அளவுக்குத் துணி தொங்கும். அதனுள் உதவியாளன் ஒருவன் ஒளிந்திருப்பான். மேடை முழுவதும் பளபளக்கும் உலோகக் கலங்கள் நிறைந்திருக்கும். அக்கலங்களுக்குள் இரகசிய அறைகள் உண்டு என்பதைக் காண்போர் ஊகித்துவிடுவர். இந்நிலையில், 1845ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஒருவர், மாலை விருந்துக்குச் செல்லும் கனவானைப் போலக் கறுப்பு உடை உடுத்தி, மெல்லிய கால்களையுடைய சிறு மேசைகளுக்கு நடுவே வந்து நின்றார். மேடையைச் செல்வர் வீட்டு வரவேற்பறை போல அமைத்திருந்தார். மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் வியப்பை விளைவிக்க முற்பட்ட அவரே இராபர்ட் ஹூடின். புதுக்கால மாயவித்தையின் தந்தை எனப் போற்றப்படுபவர். கைத்திறனில் தேர்ந்திருந்த அவர், முதல் நாள் மேடையில் நிலைகுலைந்துபோனார் என்பது பலர் அறியாத செய்தி.

ழான் யூழேன் இராபர்ட் 1805ஆம் ஆண்டு திசம்பர் மாதம், பிரான்சு நாட்டில் புளுவா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கடிகாரத் தொழிலாளர். ஓர்லியான் நகரில் பள்ளிக் கல்வியை முடித்த மகன் சட்டத்துறையில் உயர வேண்டும் என்று தந்தை விரும்பினார். ஆவணங்களைப் படியெடுக்கும் எழுத்தராக அமர்ந்த இளைஞரின் மனமோ சக்கரங்களையும் சுருள்வில்களையுமே நாடியது. இறுதியில் உறவினர் ஒருவரிடம் கடிகாரத் தொழில் பயிலச் சென்றார். அக்காலத்தில், கடிகாரக் கலை பற்றிய நூலொன்றை வாங்கக் கடைக்குச் சென்ற அவரிடம், கடைக்காரர் தவறுதலாக வேறு இரு தொகுதிகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது அவை அறிவியல் விளையாட்டுகளையும் செப்படி வித்தைகளையும் விளக்கும் நூல்களாக இருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

நூலில் படித்த வித்தைகளைக் கை ஏற்க மறுத்தது. எனவே பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் கலையை உள்ளூரில் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கற்றார். நான்கு பந்துகள் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போதே, எதிரே விரித்து வைத்த நூலைத் தடையின்றிப் படிக்கும் அளவுக்குத் தேறினார். கையின் பணியைக் கண் கண்காணிக்க வேண்டியதில்லை என்னும் நிலை அது. தெருவில் நடக்கும்போதும் சட்டைப் பையினுள் விரல்கள் நாணயத்தையோ பந்தையோ புரட்டிப் பழகிக்கொண்டிருக்கும்.

1830ஆம் ஆண்டு பாரிசுக் கடிகாரத் தொழிலாளர் ஒருவரின் மகளை மணந்தார். மாமனாரின் குடும்பப் பெயரான ஹூடின் என்பதைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். மாமனாரின் தொழிற்கூடத்தில் பணிபுரிந்தபடியே, தாமாக இயங்கும் பொம்மைகளையும் புதுமையான கடிகாரங்களையும் உருவாக்கினார். வினாக்களுக்கு விடை எழுதியும் படம் வரைந்தும் காட்டிய இயந்திரப் பொம்மை ஒன்று, 1844ஆம் ஆண்டின் பாரிசுப் பொருட்காட்சியில் அரசர் லூயி பிலிப்பின் கவனத்தையே ஈர்த்தது. அமெரிக்கக் காட்சிக்கலை வணிகர் பார்னம் அதை விலைக்கு வாங்கினார். ஆயினும் அந்த ஆண்டுகள் துயரமானவை. 1843இல் மனைவி காலமானார். பிறந்த பிள்ளைகள் எண்மரில் மூவரே எஞ்சினர். மறுமணம் செய்துகொண்ட ஹூடின், நாற்பது வயதை நெருங்கிய வேளையில், தம்மை ஆதரித்த பிரபு ஒருவரிடம் 15,000 பிராங்கு கடன் பெற்று, பலே ருவாயால் வளாகத்தின் மாடியில் ஏறத்தாழ 200 பேர் அமரக்கூடிய சிற்றரங்கு ஒன்றை அமைத்தார். கடிகாரத் தொழிலில் கிட்டிய உறுதியான வருவாயை விட்டு, தாம் ஒருமுறையும் தொழிலாகச் செய்து பாராத ஒன்றில் குடும்பத்தின் எதிர்காலத்தையே பணயமாக வைத்தார் எனலாம்.

1845 சூலை 3ஆம் நாள் அரங்கு திறக்கப்பட்டது. பாரிசின் மிகப் பெரிய காட்சிக்கூடங்களுள் ஒன்றான இப்போடிரோமும் அதே நாளில்தான் திறக்கப்பட்டது. ஹூடினின் கருவிகள் பழுதின்றி இயங்கின. கைகளும் பிழை செய்யவில்லை. தவறியது நாவே. திரை விலகியதும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. சொற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விரைந்தன. குரல் ஏற்ற இறக்கமின்றி ஒரே தளத்தில் ஒலித்தது. தாம் என்ன பேசுகிறோம், என்ன செய்கிறோம் என்பதே தமக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்று பின்னாளில் தம் வரலாற்றில் அவர் ஒப்புக்கொண்டுள்ளார்.

காரணம் என்ன? ஒரு வித்தை எள்ளளவும் பிசகாத வரையில் அதை மக்கள்முன் கொண்டுவரலாகாது என்பது அவருடைய கொள்கை. எனவே அளவுக்கு மீறி ஒத்திகை பார்த்திருந்தார். ஆனால் ஒத்திகை அனைத்தும் கருவிகளோடு நிகழ்ந்தவை. கடிகாரத்தைத் திருத்துபவர் அதனோடு பேச வேண்டியதில்லை. அதுவும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவையோ மூச்சு விடுகிறது, இருமுகிறது, சிரிக்கிறது, சலிப்படைகிறது. வியப்பு காண்போர் உள்ளத்தில் ஊறுவதற்குச் சில நொடிகள் வேண்டும். அந்த நொடிகளை அவர் அவைக்கு அளிக்கவில்லை. ஒரு வித்தையின் முடிவைக் காண்போர் உணர்வதற்குள் அடுத்த வித்தை தொடங்கிவிட்டிருந்தது. தனிமையில் முப்பது நிமிடம் ஆகும் வேலை, அஞ்சியவன் கையில் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுவது மேடையேறிய எவரும் அறிந்ததே.

அன்றிரவு அவர் மனம் உடைந்தார். உடல்நலமும் குன்றியது. அரங்கை மூடிவிட்டார், இனித் திறப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். அச்சமயம் அவரைக் காண வந்த நண்பர் ஒருவர், அவர் முடிவை முழுமனத்தோடு ஆமோதித்தார். இந்த முயற்சியே அறிவீனம் என்று தாம் முன்பே கருதியதாகவும் தெரிவித்தார். ஆறுதலை எதிர்பார்த்திருந்த ஹூடினுக்கு இச்சொல் சுருக்கென்று தைத்தது. தேற்றும் மொழிகள் செய்ய இயலாததை அந்த இகழ்ச்சி செய்து முடித்தது. அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அவர் பேச்சு சிறிது சிறிதாகத் தெளிந்தது. ஒரே இரவில் வந்த மாற்றமன்று அது. இதழ்கள் பாராட்டின, இருப்பினும் கோடைக்காலத்தில் இருக்கைகள் வெறுமையாகவே கிடந்தன. செலவை ஈடுகட்டத் தாய்வழிச் சொத்தாகக் கிடைத்த மூன்று வீடுகளையும் விற்றார். அவ்வாறு விற்றதால் கிடைத்தது பணம் மட்டுமன்று. அவையோடு பழகக் காலமும் கிடைத்தது.

1846 பிப்ரவரி 12ஆம் நாள் அறிமுகமான ஒரு நிகழ்ச்சி அவர் நிலையை மாற்றியது. மூத்த மகன் எமில் கண்கள் கட்டப்பட்டு மேடையில் அமர்ந்திருப்பான். தந்தை அவையினரிடையே நடந்து, அவர்கள் தரும் பொருளை வாங்கி வினவுவார். மகன் அப்பொருள் இன்னதென்று மேடையிலிருந்தே சொல்வான். இதற்கென இருவரும் மேற்கொண்ட பயிற்சி கடுமையானது. கடைச்சாளரம் ஒன்றை நடந்தபடியே ஒருமுறை நோக்கிவிட்டு, அதிலிருந்த பொருள்களை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பர். தந்தையினும் மகனுக்கே மிகுதியான பொருள்கள் நினைவில் நின்றன. தந்தை கேட்கும் வினாவின் சொற்களில் விடை மறைந்திருக்கிறது என்று சிலர் ஐயுற்றனர். உடனே அவர் வினவுவதை நிறுத்திவிட்டு மணியை மட்டும் ஒலித்தார். பின்னர் அதையும் விடுத்து அமைதியாகவே நிகழ்த்தினார். முதல் நாளில் அவையைப் பார்க்கவே அஞ்சியவர், அவையினர் உள்ளத்தில் எழும் ஐயத்தை அது வாய்க்கு வரும் முன்பே படித்து விடைதரும் நிலையை எய்தினார்.

அவர் பேச்சு காலத்தோடும் பொருந்தியது. 1846இல் அமெரிக்காவில் ஈதர் என்னும் மயக்கமருந்தின் துணையோடு அறுவை மருத்துவம் நிகழ்ந்த செய்தி உலகையே வியக்கவைத்தது. மறு ஆண்டில் ஹூடின் இளைய மகனை மேடைக்கு அழைத்து, ஈதரை நுகர்ந்தால் உடல் எடை இழக்கும் என்று மருத்துவப் பேராசிரியரைப் போல விளக்கினார். அவர் கையிலிருந்த குப்பி வெறுமையானது. மேடைக்குப் பின்னால் உண்மையான ஈதரைச் சூடான இரும்பில் ஊற்ற, அதன் மணம் அரங்கெங்கும் பரவியது. மகன் முழங்கையை ஒரு கோலில் ஊன்றியபடி காற்றில் கிடையாகக் கிடந்தான். பெற்ற பிள்ளையை இவ்வாறு துன்புறுத்தலாமா என்று கண்டித்துக் கடிதம் எழுதியோரும் உளர். மிதக்கச் செய்தது மறைவாக அமைந்த கருவிதான். நம்பச் செய்தது பேச்சு.

1848இல் பிரான்சில் எழுந்த புரட்சியால் அரங்குகள் வெறிச்சோடின. ஹூடின் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பிரெஞ்சு அறிந்த உயர்குடியினர் முன் தாய்மொழியிலேயே நிகழ்த்த முடிந்தது. விக்டோரியா அரசியும் கண்டு மகிழ்ந்தார். மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளரோ ஆங்கிலத்தில் பேசுமாறு முழங்கினர். ஆங்கிலம் சரிவர அறியாத அவர் பின்வாங்கவில்லை. சொல் கிடைக்காத இடத்தில் அவையினரையே கேட்டார். அவர்களும் எடுத்துக்கொடுத்துச் சிரித்து மகிழ்ந்தனர். குறையை மறைக்க முயலாமல் அவையையே துணையாக்கிக்கொண்ட இம்மனிதர், மூன்றாண்டுகளுக்கு முன் தம் தாய்மொழியிலேயே தடுமாறியவர் ஆவார்.

1852ஆம் ஆண்டளவில் அரங்கை மைத்துனர் முறையினரிடம் ஒப்படைத்துவிட்டுப் புளுவாவுக்கு அருகில் குடியேறினார். மின்சாரத்தால் இயங்கும் வாயிற்கதவு, கடிகாரங்கள், அழைப்பு மணிகள் என அவ்வீடே ஓர் ஆய்வுக்கூடம் ஆயிற்று. அந்த ஓய்வைக் கலைத்தது பிரெஞ்சு அரசின் அழைப்பு. 1830 முதல் பிரான்சின் பிடியிலிருந்த அல்சீரியாவில், மராபூ எனப்படும் சமயத் தலைவர்கள் அற்புதங்கள் காட்டி மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுவதாக அரசு கருதியது. அவர்களை விஞ்சும் வித்தைகளைக் காட்டுமாறு ஹூடின் 1856இல் அனுப்பப்பட்டார்.

அங்கு அவர் கொண்டுசென்றவற்றுள் ஒன்று, பாரிசில் பலமுறை காட்டிய சிறு பெட்டி. அதன் அடியில் இரும்புத் தகடு; மேடைக்குக் கீழே மின்காந்தம். மின்சாரம் பாய்ந்தால் பெட்டியை எவராலும் அசைக்க இயலாது. பாரிசில் அது பெட்டியின் எடை மாறும் புதுமையாகக் காட்டப்பட்டது. அல்சீரியாவில் கருவி மாறவில்லை. கூற்று மட்டும் மாறியது. வலிமைமிக்க ஒருவரை அழைத்துப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அவர் எளிதில் தூக்கினார். உடனே ஹூடின், அவருடைய வலிமையைத் தாம் பறித்துவிட்டதாக அறிவித்தார். அதன்பின் அம்மனிதர் எவ்வளவு முயன்றும் பெட்டி பெயரவில்லை; கைப்பிடி வழியே பாய்ந்த மின்னதிர்ச்சி அவரை விழச் செய்தது. கனத்தது பெட்டி என்றால் சிரிப்பு. மெலிந்தது மனிதர் என்றால் அச்சம். பாரிசில் நகைச்சுவையோடு பேசியவர் இங்குப் புன்னகையையும் தவிர்த்தார். மேடைமொழியின் ஆற்றலை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அவர் வாழ்வில் வேறில்லை. ஆனால் அவ்வாற்றல், அடிமைப்பட்ட மக்களை மேலும் அஞ்சவைத்து அடக்கப் பயன்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1858இல் தன்வரலாற்றையும், 1868இல் வித்தைக் கலையின் நுட்பங்களை விளக்கும் நூலையும் வெளியிட்டார். தன்வரலாற்றில் இளமையில் தம்மைக் காத்த டோரினி என்னும் வித்தைக்காரரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அப்பகுதி கற்பனை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எழுதியவர் மேடைக் கலைஞர் என்பதை நினைவிற்கொண்டே அந்நூலைப் படித்தல் வேண்டும். எனினும் முதல் நாள் தோல்வியைத் தம் பெருமைக்காக எவரும் புனைந்துகொள்ள மாட்டார். பின்னைய நூல், வித்தை காட்டுபவர் கைவிரைவு உடையவர் என்பதினும் மந்திரவாதியாக நடிக்கும் நடிகர் என்பதே பொருந்தும் என்று வாதிடுகிறது. விளைவை முன்கூட்டி அறிவித்தலும் ஒரே அவையில் ஒரு வித்தையை இருமுறை செய்தலும் கூடா என்கிறது. உதவ வந்த பார்வையாளரை நகைப்புக்கு இடமாக்குவது அவருக்கு என்றுமே உடன்பாடன்று.

1870இல் மூண்ட பிரான்சு–பிரசியப் போரில் படைத்தலைவராக இருந்த மகன் யூழேன் படுகாயமுற்று இறந்தார். தந்தை 1871 சூன் 13ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் மறைந்தார். அவருடைய தன்வரலாற்றைப் படித்து உள்ளம் பறிகொடுத்த எரிக் வைஸ் என்னும் அமெரிக்க இளைஞர், ஹூடின் என்னும் பெயரோடு ஈற்றில் ஓர் எழுத்தைச் சேர்த்து ஹூடினி எனத் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். பின்னர் 1908இல் அவரையே கடுமையாகச் சாடி ஒரு நூலும் எழுதினார். பாரிசில் வேறிடத்துக்கு மாறிய ஹூடினின் அரங்கை 1888இல் ஜார்ஜ் மெலியே வாங்கினார். 1896 முதல் அம்மேடையில் திரைப்படங்களும் காட்டப்பட்டன. அவ்வாண்டில் மெலியே எடுத்த படமொன்றில் நாற்காலியில் அமர்ந்த பெண் கண்ணெதிரே மறைந்துபோகிறாள். அப்படத்தின் தலைப்பிலும் இராபர்ட் ஹூடினின் பெயர் இடம்பெற்றுள்ளது.