கொழும்பில் பிறந்த மென்சவ்வு மேதை

பிரெடெரிக் ஜோர்ஜ் டொனன் 1870 ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 ஆம் நாள் கொழும்பு மாநகரில் பிறந்தார். தந்தையார் பெல்பாஸ்ற் நகர வணிகர். டொனனின் இளமைப் பருவம் அயர்லாந்தின் அல்ஸ்ரர் பகுதியிற் கழிந்தது. சிறுவயதில் நேர்ந்த விபத்தொன்றினால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். எனினும் கல்வியில் அவர் தளரவில்லை.

பெல்பாஸ்ற் குயின்ஸ் கல்லூரியிற் பயின்றபின் யேர்மனி சென்று, லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1896 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1904 இல் இலிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பௌதிக இரசாயனப் பேராசிரியரானார். அவரது பெயரை நிலைநாட்டிய ஆய்வு 1911 இல் வெளிவந்தது.

நுண்டுளைகள் கொண்ட மென்சவ்வொன்றின் ஒருபுறம் கொங்கோ சிவப்புச் சாயக் கரைசலும், மறுபுறம் உப்புக் கரைசலும் இருப்பதாகக் கொள்வோம். சாயத்தின் பருத்த அயன்கள் துளைவழி புகமாட்டா. சோடியம், குளோரைட்டு அயன்கள் புகும். புகவல்லவை இருபுறமும் சமமாகப் பரவும் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழாது என டொனன் நிறுவினார். கடக்கவியலாத அயனின் மின்னேற்றம், கடக்கவல்ல அயன்களின் பங்கீட்டையும் மாற்றிவிடுகின்றது. சவ்வின் இருபுறத்திற்குமிடையே மின்னழுத்த வேறுபாடும் தோன்றுகின்றது. இதுவே டொனன் சமநிலை எனப்படும்.

இரத்தத்திலுள்ள புரதங்கள் நுண்குழாய்ச் சுவர்களில் இவ்விதியின்படியே அயன்களைப் பங்கிடுகின்றன. உலோக அயன்களைப் பிரித்தெடுக்கும் இன்றைய சவ்வுகளுக்கும் இதுவே அடிப்படையாகும். துளைச்சுவரில் நேரேற்றம் பொருத்தப்பட்ட சவ்வு, இரட்டை ஏற்றமுள்ள மகனீசியம் அயனை வலிந்து விலக்கும். ஒற்றை ஏற்றமுள்ள இலிதியம் அயனுக்கு எளிதில் வழிவிடும். மின்கலங்களுக்கு வேண்டிய இலிதியத்தை உப்பேரி நீரிலிருந்து பிரிக்க இப்பண்பு உதவுகின்றது.

1913 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியப் பதவியேற்ற டொனன், 1928 இல் டேவி பதக்கம் பெற்றார். 1933 இல் ஹிட்லர் ஆட்சி யூத அறிஞர்களைப் பதவிகளினின்றும் அகற்றத் தொடங்கியபோது, அவர்களுக்குப் புகலிடமும் பணியும் தேடிக் கொடுப்பதில் முன்னின்றார். கூழ்மவியல் அறிஞர் பிரொயின்ட்லிக் இலண்டனில் ஆய்வைத் தொடர வழிசெய்தவர் அவரே. 1937 இல் ஓய்வுபெற்ற அவர், 1956 டிசெம்பர் 16 ஆம் நாள் கன்ரபரியிற் காலமானார்.

எவை கடக்கும், எவை தடைப்படும் என்பதை ஆராய்ந்தவர், எல்லை கடந்து வந்த மனிதருக்குக் கதவைத் திறந்துவைத்தார். புகலிடம் தேடி வந்தோரின் பிள்ளைகள் பயிலும் நம் பள்ளியில் அவர் வாழ்வு நன்றியுடன் நினைக்கத்தக்கது.