ஆபிரகாம் லிங்கனும் யுத்த அதிகாரமும்

அடிமைகளை விடுவித்த மகான் என்றே ஆபிரகாம் லிங்கனை நம்மவர் பெரும்பாலும் அறிவர். அவர் 1809-ம் வருஷத்தில் கெண்டக்கி மாகாணத்தில் மரக்குடிசையொன்றிற் பிறந்ததும், தாமே கற்று வக்கீலானதும் நம் சிறுவர் பாடபுஸ்தகங்களிலும் காணப்படுவன. ஆதலின் அவற்றை ஈண்டு விரித்திலேம். அமெரிக்கச் சட்டசபையாகிய காங்கிரஸில் அவர் இரண்டே வருஷம் அங்கத்தினராய் வீற்றிருந்த காலத்துச் செய்தியொன்றையே நேயர்களுக்குக் கூற விழைகின்றோம்.

அந்நாட்டு அரசியல் சட்டப்படி, யுத்தப் பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது. ஜனாதிபதி சேனைக்குத் தலைவர் மாத்திரமே. 1845-ல் டெக்ஸாஸ் அமெரிக்காவுடன் சேர்ந்தபின், அதன் தென்னெல்லை எதுவென்று மெக்ஸிகோவோடு வழக்கு உண்டாயிற்று. ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க், 1846-ன் தொடக்கத்தில், இரு தேசத்தாரும் தமதென்று கூறிய பூமியினூடே ரியோ கிராண்டு நதிவரை சேனையை அனுப்பினார். ஏப்ரலில் அங்கே சண்டை மூண்டு அமெரிக்க வீரர் சிலர் மாண்டனர். தம் நாட்டு மண்ணிலேயே தம் ஜனங்களின் இரத்தம் சிந்தப்பட்டதாக அவர் காங்கிரஸுக்கு அறிவிக்க, மே மாதம் 13-ந் தேதி யுத்தம் பிரகடனமாயிற்று. சபையின் இசைவு பெறப்பட்டது மெய்யே. ஆனால் அது சண்டை மூண்டபின் பெற்ற இசைவு. பணத்தைச் செலவிட்டுவிட்டு மகாசபையில் அங்கீகாரம் கோரும் காரியதரிசிகளை நம்முள் அறியாதார் யார்!

லிங்கன் 1847 டிசம்பரில் சபையில் அமர்ந்தார். அம்மாதம் 22-ந் தேதியே எட்டு வினாக்கள் அடங்கிய தீர்மானங்களைக் கொணர்ந்தார். இரத்தம் சிந்திய இடம் எது, அங்கே வாழ்ந்த குடிகள் எவ்வரசுக்குக் கீழ்ப்படிந்தோர், சேனை வரக்கண்டு அவர்கள் வீடுவாசலை விட்டு ஓடினரா இல்லையா என்றெல்லாம் ஜனாதிபதியை வினவினார். சபை அவற்றை ஓட்டுக்கே எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் 1848 ஜனவரி 3-ந் தேதி, அந்த யுத்தம் ஜனாதிபதியால் அவசியமின்றியும் சட்டவிரோதமாகவும் தொடங்கப்பட்டது என்னும் வாசகம் 85-க்கு 81 என்ற கணக்கில் நிறைவேறிற்று. லிங்கனும் அதற்கு ஓட்டளித்தார். களத்தில் நின்ற சிப்பாய்களுக்கு வேண்டிய பொருளுதவியை மட்டும் அவர் மறுத்தாரில்லை.

அவருடைய கூட்டு வக்கீலான வில்லியம் ஹெர்ண்டனுக்கு இது பிடிக்கவில்லை. படையெடுப்பைத் தடுக்க வேண்டுமாயின் ஜனாதிபதி அயல்நாட்டில் முந்திப் புகலாமென்பது அவர் கட்சி. அவசியம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பவரும் அவரேயாயின், அவர் விரும்பியபோதெல்லாம் யுத்தம் செய்யலாமன்றோ என்று லிங்கன் மறுமொழி வரைந்தார். ஜனங்களின் நன்மைக்கென்று சொல்லியே அரசர்கள் அவர்களைப் போரில் இழுத்து வறியராக்கினர். அக்கொடுமையை எந்தத் தனிமனிதனும் செய்யாதிருக்கும் பொருட்டே சட்டம் இயற்றியோர் அவ்வதிகாரத்தைச் சபைக்கு வைத்தனர் என்பதும் அக்கடிதத்தின் சாரம். எம் மதிப்பில், அவருடைய புகழ்பெற்ற பிரசங்கங்களுக்கு இக்கடிதம் இளைத்ததன்று.

எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அந்த ‘இட’த்தையே பட்டப்பெயராக்கிப் பரிகசித்தன. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. அவர் கட்சியார் அந்த ஸ்தானத்தை இழந்தனர்.

பின்னர் அவரே ஜனாதிபதியானார். 1861 ஏப்ரலில் தென்மாகாணத்தார் ஸம்டர் கோட்டையைத் தாக்கியபோது, காங்கிரஸ் கூடியிருக்கவில்லை. அவர் படை திரட்டினார், தென்துறைமுகங்களை முற்றுகையிட்டார், ஜூலை 4-ந் தேதி சபையைக் கூட்டுவித்து இசைவு கோரினார். போல்க் செய்ததையே இவரும் செய்தார் என்பாருமுளர். உள்நாட்டுக் கலகத்தை அடக்குதலும் அயல்நாட்டில் புகுதலும் ஒன்றல்ல என்பதே எம் கருத்து. ஆயினும் முன்னர்ச் செய்து பின்னர்க் கேட்டார் என்பதை மறைத்தல் தகாது. அம்முற்றுகை செல்லுமா என்ற வழக்கு உயர்நீதி ஸ்தலம் வரை சென்றது. 1863-ல் ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் செல்லுமென்றனர். நால்வர், சபையின் இசைவுக்கு முன் அது செல்லாதென்றனர்.