வித்துவான்களை எதிர்த்த தஞ்சை வைத்தியர்

தஞ்சாவூரில் ஒரு வைத்தியர் இருந்தார். மருந்து செய்தார். மருந்து விற்றார். கை நிறையப் பணம் சம்பாதித்தார்.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் தெரியுமா?

சங்கீத வித்துவான்களைத் தம் செலவில் ஊருக்கு அழைத்தார். மாநாடு கூட்டினார். வயிறு நிறையச் சாப்பாடு போட்டார். பிறகு, அவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த ஒரு கணக்கு தவறு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்!

அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

அவர் சொன்னதைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். சிலர் கோபித்தார்கள். மாத்திரை உருட்டுகிறவருக்குச் சங்கீதம் எதற்கு என்று நினைத்தவர்களும் உண்டு. பண்டிதர் அசையவில்லை. சாகும் வரையில் அதையே சொன்னார்.

மலையில் கிடைத்த குரு

பண்டிதர் பிறந்தது 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி. ஊர், தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சாம்பவர் வடகரை. தந்தை முத்துசாமி. தாய் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

இளவயதில் திண்டுக்கல்லுக்குப் போய் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தார். அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது. படிப்போடு நின்றாரா? இல்லை. எதைப் பார்த்தாலும் கற்றுக்கொள்ள வேண்டும் அவருக்கு. போட்டோ பிடிக்கக் கற்றார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். சித்த வைத்திய ஏடுகளைத் தேடித் தேடிப் படித்தார்.

மூலிகை தேடிச் சுருளி மலைக்குப் போனபோது கருணானந்தர் என்ற துறவியைக் கண்டார். அவரையே குருவாகக் கொண்டார். பிற்காலத்தில் பண்டிதர் தொட்டதற்கெல்லாம் குருவின் பெயர்தான். மருந்துக்குக் கருணானந்தர் சஞ்சீவி மருந்து. தோட்டத்துக்குக் கருணானந்தபுரம். புத்தகத்துக்குக் கருணாமிர்த சாகரம்!

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அந்த அம்மாளும் படித்தவர். மறு ஆண்டு இருவரும் தஞ்சைக்கு வந்து, ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். பகலில் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் வைத்தியம். நோயாளிகள் கூட்டம் பெருகியது. 1890-ல் ஆசிரியர் வேலையை விட்டார்.

சஞ்சீவி மருந்துகள் நாலா பக்கமும் பரவின. ஊருக்கு வெளியே நிலம் வாங்கினார். மூலிகை போட்டார். கரும்பு போட்டார். பழ மரங்கள் வைத்தார். ஜனங்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். சென்னை மாகாண கவர்னர் லாலி துரையே தோட்டத்தைப் பார்க்க வந்தார். பிற்பாடு பண்டிதர் மின்சாரத்தில் ஓடும் அச்சுக்கூடம் ஒன்று அமைத்து, அதற்கு அந்தத் துரையின் பெயரையே வைத்தார். 1909-ல் 'ராவ் சாகிப்' பட்டமும் கிடைத்தது.

இத்தனை வசதி வந்த பிறகு, வேறொருவராக இருந்தால் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பார். பண்டிதரோ வம்பை விலைக்கு வாங்கினார்!

தமிழில் பாட்டு இல்லையா?

தஞ்சை சங்கீத பூமி. தியாகையர் வாழ்ந்த திருவையாறு, வண்டி கட்டினால் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பாட்டுக் கற்கும் பிள்ளைகள் ஆரம்பத்தில் படிக்கும் கீதங்கள்கூடப் பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும்தான் இருந்தன. அர்த்தம் தெரியாமலே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

பண்டிதருக்கு இது பிடிக்கவில்லை. மாணவர்களுக்காகத் தாமே தமிழில் 96 பாடல்கள் இயற்றினார்.

அதோடு விடவில்லை. கர்நாடக சங்கீதம் என்று பெயர் சொல்லும் இசை, பழந்தமிழர் இசைதான் என்றார். பண்கள்தான் பெயர் மாறி ராகங்கள் ஆயின என்றார். தமிழ் இசை இயக்கம் மும்முரமாக எழுந்தது 1940-களில். பண்டிதர் இதைச் சொன்னது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு!

இருபத்திரண்டா? இருபத்து நான்கா?

பெரிய சண்டை எதில் வந்தது? சுருதியில்.

சுருதி என்றதும் சுருதிப் பெட்டியை நினைக்க வேண்டாம். இது வேறு. கீழே இருக்கும் 'ச'வுக்கும் மேலே இருக்கும் 'ச'வுக்கும் இடையே ஒரு படிக்கட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை படி? அந்த நுட்பமான படிகளுக்குத்தான் சுருதி என்று பெயர்.

இருபத்திரண்டு படி என்றது பழைய நூல். பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொன்னது 22. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் சொன்னதும் 22. வித்துவான்களுக்கு அது வேதவாக்கு.

பண்டிதர், 24 என்றார்!

இரண்டு படிக்காகவா இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். அவருடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. பென்சிலும் காகிதமும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பழைய கணக்கின்படி 'ச'விலிருந்து 'ப'வுக்குப் போக 13 சுருதி. அந்தப் 'ப'வையே புதிய 'ச'வாக வைத்து, அதற்கு ஒரு 'ப' பிடிக்க வேண்டும். இப்படியே பன்னிரண்டு முறை போனால், ஏழு ஸ்தாயி தாண்டி மறுபடியும் 'ச'வில் வந்து நிற்கவேண்டும். 13-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 156. ஏழு ஸ்தாயிக்கு, 22-ஐ ஏழால் பெருக்கினால் 154. இரண்டு இடிக்கிறது!

பண்டிதர் கணக்கில் 'ச'வுக்கும் 'ப'வுக்கும் நடுவே 14 சுருதி. பன்னிரண்டு தடவைக்கு 168. ஏழு ஸ்தாயிக்கு 24 வீதம் 168. சக்கரம் சுற்றி வந்து சரியாக நிற்கிறது.

இந்தக் கணக்குக்கு அவர் ஆதாரம் தேடியது எங்கே? சிலப்பதிகாரத்தில்!

ஆய்ச்சியர் காட்டிய வழி

உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-ல் அச்சில் கொண்டு வந்தார். தமிழர்கள் கதையைப் படித்து உருகினார்கள். பண்டிதர் கதையோடு நிற்காமல், உரையில் இருந்த இசைக் கணக்கையும் உட்கார்ந்து படித்தார்.

கண்ணகி மதுரையில் மாதரி என்ற இடைச்சியின் வீட்டில் தங்கியிருக்கிறாள். கெட்ட சகுனங்கள் தெரிகின்றன. குரவைக் கூத்து ஆடினால் தீமை நீங்கும் என்று மாதரி நினைக்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். ஒருத்திக்குக் குரல் என்று பெயர். அடுத்தவளுக்குத் துத்தம். பிறகு கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவைதான் தமிழரின் ஏழு சுரங்கள்.

பன்னிரண்டு ராசி வட்டத்தில் இந்தச் சுரங்கள் எப்படி நிற்கின்றன என்று உரை விளக்குகிறது. அந்த வட்டத்தில்தான் 24 ஒளிந்திருக்கிறது என்றார் பண்டிதர்.

ஆனால் ஒரு சங்கடம். பழந்தமிழ்க் கணக்கிலும் ஏழு சுரங்களுக்கு 4, 4, 3, 2, 4, 3, 2 என்றுதான் அலகு கொடுத்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள். 22 வருகிறது!

பண்டிதர் இதற்கும் பதில் வைத்திருந்தார். கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகை வேண்டுமென்றே குறைத்து, முன்னோர்கள் ரகசியத்தை மறைத்து வைத்தார்கள் என்றார். அந்த இரண்டையும் திருப்பிச் சேர்த்தால் 24.

எதிரிகளுக்கு இது போதாதா? நூலில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைச் சொல்கிறார் என்றார்கள். அவருடைய வாதத்தில் பலவீனமான இடம் இதுதான் என்று நமக்கும் தோன்றுகிறது.

ஒரு நூல் வித்தியாசம்

இன்னொரு குறையும் சொன்னார்கள். படிகளை எல்லாம் ஒரே அளவாக வெட்டினால் அது பியானோ கணக்கு, வெள்ளைக்காரன் கணக்கு என்றார்கள்.

இதையும் அளந்து பார்த்துவிடுவோம். 32 அங்குலத் தந்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு இனிய 'ப' பிறக்க, தந்தியில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்க வேண்டும். அது 21.33 அங்குலம். சமமாக வெட்டும் கணக்கில் 21.36 அங்குலம் வரும். தச்சர் கணக்கில் ஒரு நூலில் ஐந்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். யார் காதுக்குத் தெரியப்போகிறது?

அந்தர காந்தாரத்தில் அப்படி அல்ல. தம்புராவில் தானாகவே பிறக்கும் காந்தாரத்துக்கு 25.6 அங்குலம். சமக் கணக்கில் 25.4. இங்கே ஒன்றரை நூலுக்கு மேல் வித்தியாசம். தேர்ந்த காது இதைக் கண்டுபிடித்துவிடும். வித்துவான்கள் வெறும் பிடிவாதத்தால் மறுக்கவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

பண்டிதரும் சும்மா இருக்கவில்லை. 22 என்பவர்கள் அந்த 22 எங்கெங்கே நிற்கிறது என்பதில் ஒத்துப் போகிறார்களா என்று எதிர்க்கேள்வி போட்டார். உண்மையில் அவர்கள் ஒத்துப் போகவில்லை. ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள்.

சொந்தப் பணத்தில் மாநாடு

1911-ல் மனைவி பொன்னம்மாள் காலமானார். பள்ளிக்கூட நாட்களிலிருந்து கூடவே உழைத்தவர். பெரிய அடி அது. பிற்பாடு பண்டிதர் பாக்கியம்மாளை மணந்தார்.

1912-ல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். ஆறுக்குக் குறையாமல் மாநாடுகள் நடத்தினார். மன்னர் உதவி இல்லை. ஜமீன் உதவி இல்லை. எல்லாம் மருந்து விற்ற பணம்!

1916-ல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. அதுதான் அகில இந்தியாவுக்கும் முதல் மாநாடு. வடநாட்டு மேதை பாத்கண்டே முன்னின்று நடத்தினார். 22 சுருதிக் கட்சியில் பெயர் பெற்ற தேவல், வெள்ளைக்கார அதிகாரியான கிளெமென்ட்ஸ் இருவரும் வந்திருந்தார்கள். இவர்கள் 22 சுருதிக் கணக்கில் ஒரு ஹார்மோனியமே செய்து வைத்திருந்தவர்கள்.

அந்தச் சபையில் பண்டிதர் எழுந்து 24 என்றார்.

வாயால் சொன்னால் போதுமா? வாசித்துக் காட்ட வேண்டாமா? மகள் மரகதவல்லியை அழைத்துப் போயிருந்தார். அந்தப் பெண் சபை நடுவே உட்கார்ந்து வீணையில் வாசித்துக் காட்டினார். குடும்பப் பெண்கள் சபையில் வந்து வாசிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. தகப்பனாருக்கு ஊரெல்லாம் எதிர்ப்பு இருந்தபோது, மகள் வீணையோடு பக்கத்தில் இருந்தார்.

பரோடாவில் சண்டை தீர்ந்ததா? தீரவில்லை. 22 கட்சிக்காரர்கள் 22-லேயே நின்றார்கள். பண்டிதர் 24-ஐச் சுமந்துகொண்டு தஞ்சைக்குத் திரும்பினார்.

ஆயிரம் பக்கப் புத்தகம்

மறு ஆண்டு, 1917-ல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கும் மேல். அச்சடித்தது அவருடைய சொந்த அச்சுக்கூடம். வேறு எந்தப் பதிப்பாளர் இத்தனை பக்கத்தை, இப்படி ஒரு கருத்துக்காக, அச்சடித்திருப்பார்?

எதிராளிகள் சொன்னதை அவர் அதில் மறைக்கவில்லை. ஒவ்வொருவருடைய கணக்கையும் எடுத்துப் போட்டு, பட்டியல் பட்டியலாக அளவு காட்டி மறுத்தார். கண்ணுக்கு வலிக்கும் அளவுக்கு எண்கள்!

அதற்குப் பிறகு அவர் அதிக காலம் வாழவில்லை. 1919 ஆகஸ்டு 31-ல் காலமானார். வயது அறுபது.

அவருடைய 24 ஜெயித்ததா? இல்லை. சங்கீதப் பாடப் புத்தகங்களில் 22-தான் நிலைத்தது. மட்டக்களப்பு நாட்டில் பிறந்த விபுலாநந்த அடிகள், தமிழிசைக்காகவே பல ஆண்டுகள் உழைத்து 1947-ல் யாழ் நூலை வெளியிட்டார். அவர்கூட 22 என்றே கணக்கிட்டார்.

ஆனால் சிலப்பதிகார உரையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பண் எந்த ராகம் என்று தேடும் வேலை நின்றுவிடவில்லை. பின்னால் வந்து தேடியவர்கள், 24-ஐ ஏற்காதவர்கள்கூட, பண்டிதரின் பெரிய புத்தகத்தைப் புரட்டாமல் போக முடியவில்லை.

அவர் எழுதி வைத்துவிட்டுப் போன இரண்டாம் பாகம் 27 ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்தது. கடைசியில் 1946-ல் வெளிவந்தது. வெளியிட்டவர் யார் தெரியுமா? பரோடா சபையில் வீணை வாசித்த அதே மரகதவல்லி அம்மாள்தான்.